நகரும் டி.என்.ஏ கூறுகளும் மரபணு ஒழுங்குபாட்டின் படிவளர்ச்சியும்

நகரும் டி.என்.ஏ கூறுகள் என்பவை, ஓர் உயிரினத்தின் மரபணுத்தொகையில் ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்கு மாறவோ, தம்மைப் படியெடுத்துப் புதிய இடங்களில் செருகிக்கொள்ளவோ வல்ல டி.என்.ஏ துண்டுகள் ஆகும். இவை டிரான்சுபோசான்கள் என்றும், இடம்மாறும் மரபுக்கூறுகள் என்றும், தாவும் மரபணுக்கள் என்றும் அழைக்கப்படுகின்றன. இவற்றின் செருகல்களில் பெரும்பாலானவை உயிரினத்திற்குத் தீங்கானவையாகவோ விளைவு ஏதும் அற்றவையாகவோ அமைகின்றன. எனினும் ஒரு மரபணு எப்பொழுது, எந்த உறுப்பில், எந்த அளவில் இயங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் பல, இக்கூறுகளிலிருந்தே தோன்றியுள்ளன என்பது இன்று உறுதிப்பட்டுள்ளது.

இந்நிகழ்வுக்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டுகள் பல, புல்லினப் பயிர்களில் காணப்படுகின்றன. தமிழ்நாட்டின் சவ்வாது மலையில் (ஜவ்வாது மலை) விளையும் சாமை, தினை, கேழ்வரகு ஆகிய சிறுதானியங்கள் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. தினைக்கதிரின் மணிகள் முற்றியபின் நிலத்தில் உதிர்ந்துவிடாமல் அறுவடை வரை கதிரிலேயே நிற்பதற்கு, நகரும் கூறுகளின் செருகல்களும் ஒரு காரணமாகும்.

மரபணு ஒழுங்குபாடு

ஓர் உயிரினத்தின் வேர், இலை, பூ, மணி ஆகிய எல்லா உறுப்புகளின் உயிரணுக்களிலும் ஏறத்தாழ ஒரே டி.என்.ஏ தான் உள்ளது. ஆயினும் வேரில் இயங்கும் மரபணுக்கள் அனைத்தும் பூவில் இயங்குவதில்லை. எந்த மரபணு எங்கு இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பாடே மரபணு ஒழுங்குபாடு எனப்படுகிறது.

ஒரு மரபணுவின் தொடக்கத்திற்குச் சற்று முன்னர் அமைந்து, ஆர்.என்.ஏ படியெடுப்பு தொடங்கும் இடத்தைக் குறிக்கும் பகுதி தொடக்கி எனப்படும். மரபணுவிலிருந்து சில ஆயிரம் எழுத்துகளோ, சில இலட்சம் எழுத்துகளோ தள்ளி இருந்தாலும் படியெடுப்பை மிகுவிக்கும் பகுதி தூண்டுபகுதி எனப்படும். (டி.என்.ஏ-யின் நான்கு வேதிக் காரங்களே இங்கு எழுத்துகள் எனப்படுகின்றன.) படியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்கள் இப்பகுதிகளில் உள்ள குறுகிய எழுத்துத் தொடர்களை இனங்கண்டு அவற்றில் பிணைகின்றன. வெப்பம், வறட்சி, குளிர், நோய்த்தொற்று முதலிய நிலைமைகளில் வெவ்வேறு காரணிகள் செயற்படுவதால், அவை பிணையும் மரபணுக்களும் அந்நிலைமைக்கு ஏற்ப இயங்கவோ அடங்கவோ செய்கின்றன.

ஒரு புரதத்தின் அமைப்பு மாறினால், அப்புரதம் பயன்படும் எல்லா உறுப்புகளிலும் அதன் விளைவு தெரியும். மாறாக, ஒரு தூண்டுபகுதி மட்டும் மாறினால், ஓர் உறுப்பிலோ ஒரு பருவத்திலோ மட்டும் மாற்றம் நிகழலாம். ஆகையால் உயிரினங்களின் வடிவத்திலும் வாழ்க்கை முறையிலும் காணப்படும் வேறுபாடுகளில் பெரும்பங்கு ஒழுங்குபாட்டின் மாற்றங்களால் விளைந்ததாகும். அத்தகைய மாற்றங்கள் எங்கிருந்து வருகின்றன என்னும் கேள்விக்கான விடைகளுள் ஒன்று நகரும் டி.என்.ஏ கூறுகள் ஆகும்.

நகரும் கூறுகளின் வகைகள்

நகரும் கூறுகள் இரு பெரும் வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

முதல் வகையினவான ரெட்ரோடிரான்சுபோசான்கள், முதலில் ஆர்.என்.ஏ-வாகப் படியெடுக்கப்பட்டு, பின்னர் மீண்டும் டி.என்.ஏ-வாக மாற்றப்பட்டுப் புதிய இடத்தில் செருகப்படுகின்றன. பழைய படி இருந்த இடத்திலேயே இருக்கும். கணினியில் ஓர் உரையை நகலெடுத்து ஒட்டுவதற்கு இதனை ஒப்பிடலாம். ஒவ்வொரு நகர்வின் பின்னும் படிகளின் எண்ணிக்கை கூடுவதால், பெரிய மரபணுத்தொகைகளில் இவ்வகையே மிகுந்து காணப்படுகிறது.

இரண்டாம் வகையினவான டி.என்.ஏ டிரான்சுபோசான்கள், ஒரு நொதியின் உதவியால் தாம் இருந்த இடத்திலிருந்து வெட்டப்பட்டு வேறிடத்தில் ஒட்டப்படுகின்றன. இவற்றுள் சில மிகக் குறுகியவை. தமக்கென நொதியை உருவாக்கும் மரபணு அற்றவை. அவை பிற கூறுகள் உருவாக்கும் நொதியைக் கொண்டு நகர்கின்றன.

இவ்விரு வகையினவற்றுக்கும் பொதுவான ஒரு பண்பு இங்கு முக்கியமானது. நகரும் கூறு தன்னைப் பெருக்கிக்கொள்வதற்கு, தான் குடியிருக்கும் உயிரணுவின் படியெடுப்புக் காரணிகளையே நம்பியுள்ளது. அவற்றை ஈர்க்கும் எழுத்துத் தொடர்களை அது தன்னுள்ளேயே கொண்டுள்ளது. எனவே அது ஒரு மரபணுவின் அருகே செருகப்படும்போது, வெறும் டி.என்.ஏ துண்டாக அன்றி, முன்பே ஆயத்தம் செய்யப்பட்ட ஒரு விசையாகச் சென்று சேர்கிறது. எழுத்து எழுத்தாக நிகழும் சடுதிமாற்றங்களால் இத்தகைய ஒரு விசை உருவாக நெடுங்காலம் ஆகலாம். செருகலால் ஒரே தலைமுறையில் அது வந்து சேரலாம்.

கண்டுபிடிப்பின் வரலாறு

அமெரிக்க அறிவியலாளர் பார்பரா மெக்ளின்டாக் (1902 - 1992), கோல்டு இசுபிரிங் ஆர்பர் ஆய்வகத்தில் மக்காச்சோள மணிகளின் நிறத்தை ஆராய்ந்தார். ஒரே மணியில் நிறமுள்ள புள்ளிகளும் நிறமற்ற பகுதிகளும் கலந்து காணப்பட்டதற்கு, நிறப்புரியில் இடம்மாறும் கூறுகளே காரணம் என 1940களின் பிற்பகுதியில் அவர் கண்டறிந்தார். நிற மரபணுவினுள் கூறு செருகப்பட்டபோது நிறம் அற்றுப்போயிற்று; மணி வளரும்போது சில உயிரணுக்களில் கூறு வெளியேறியதால் அங்கு நிறம் மீண்டது.

மெக்ளின்டாக் இவற்றைத் தாவும் மரபணுக்கள் என அழைக்கவில்லை. கட்டுப்படுத்தும் கூறுகள் என்றே அழைத்தார். பிற மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்துவதே இவற்றின் சிறப்பு என அவர் கருதினார். 1950இலும் 1951இலும் அவர் முன்வைத்த இக்கருத்து அக்காலத்தில் பரவலான வரவேற்பைப் பெறவில்லை. பாக்டீரியாக்களிலும் பழ ஈக்களிலும் நகரும் கூறுகள் கண்டறியப்பட்ட பின்னரே அவருடைய பணி முழுமையாக ஏற்கப்பட்டது. 1983இல் அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1969இல் ராய் பிரிட்டன், எரிக் டேவிட்சன் ஆகியோர், மரபணுத்தொகையில் பலமுறை திரும்ப வரும் எழுத்துத் தொடர்கள், பல மரபணுக்களை ஒரே கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவரக்கூடும் என்னும் கோட்பாட்டை வெளியிட்டனர். ஒரே விசை பல இடங்களில் படிகளாக அமைந்தால், ஒரே காரணியால் அவ்விடங்களில் உள்ள மரபணுக்களை ஒருங்கே இயக்கவியலும் என்பது இதன் அடிப்படை.

இதற்கு மாறான கருத்து 1980இல் வலுப்பெற்றது. லெசுலி ஓர்கெல், பிரான்சிசு கிரிக் ஆகியோர் ஒரு கட்டுரையிலும், போர்டு டூலிட்டில், கார்மென் சாபியென்சா ஆகியோர் மற்றொரு கட்டுரையிலும், இக்கூறுகள் பரவுவதை விளக்க அவை உயிரினத்திற்குப் பயன் தர வேண்டும் என்பதில்லை என வாதிட்டனர். தம்மைப் பெருக்கிக்கொள்ளும் திறன் ஒன்றே அவை நிலைத்திருக்கப் போதுமானது. இவ்வாறு இவை தன்னல டி.என்.ஏ என்னும் பெயர் பெற்றன.

இன்றைய புரிதல் இவ்விரு கருத்துகளையும் உள்ளடக்கியது. நகரும் கூறுகள் பரவுவதற்குக் காரணம் அவற்றின் தன்னலமே. ஆனால் பரவியபின், அவற்றுட் சில உயிரினத்தின் பயன்பாட்டிற்குள் ஈர்க்கப்படுகின்றன.

மரபணுத்தொகையில் இவற்றின் பங்கு

2001இல் வெளியான மனித மரபணுத்தொகை வரைவின்படி, அதில் ஏறத்தாழ 45 விழுக்காடு நகரும் கூறுகளிலிருந்து வந்தது. புரதங்களுக்கான பகுதியோ 2 விழுக்காட்டிற்கும் குறைவு. 2009இல் வெளியான மக்காச்சோள மரபணுத்தொகையில் ஏறத்தாழ 85 விழுக்காடு நகரும் கூறுகள் ஆகும். அதே ஆண்டில் வெளியான சோளத்தின் மரபணுத்தொகையில் இது ஏறத்தாழ 60 விழுக்காடு. தினையின் மரபணுத்தொகையை 2012இல் இரு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன; அதில் இப்பங்கு 40 முதல் 46 விழுக்காடு வரை மதிப்பிடப்பட்டது. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கேழ்வரகின் மரபணுத்தொகையில் ஏறத்தாழ பாதி, திரும்ப வரும் எழுத்துத் தொடர்களால் ஆனது.

நெருங்கிய உறவுடைய புல்லினங்களில் மரபணுக்களின் வரிசை பெரிதும் ஒத்திருக்கிறது. மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகளோ பெரிதும் வேறுபடுகின்றன. கட்டுப்படுத்தும் பகுதிகளுட் பல அமைந்திருப்பதும் அவ்விடைப்பகுதிகளிலேயே ஆகும்.

ஒழுங்குபாட்டை மாற்றும் வழிகள்

1. புதிய தொடக்கியாதல். மரபணுவின் முன்னே செருகப்படும் கூறு தன் தொடக்கியை அம்மரபணுவுக்கு அளிக்கலாம். இரத்த ஆரஞ்சு எனப்படும் செந்நிறச் சாத்துக்குடி வகை இதற்கு எடுத்துக்காட்டு. ரூபி என்னும் மரபணுவின் அருகே செருகப்பட்ட ஒரு ரெட்ரோடிரான்சுபோசானே அதன் செந்நிறத்திற்குக் காரணம் என 2012இல் கண்டறியப்பட்டது. இக்கூறு குளிரில் தூண்டப்படுவது. ஆகையால் இப்பழம் நன்கு சிவப்பதற்குக் குளிர்ந்த இரவுகள் தேவைப்படுகின்றன. பழத்தின் நிறம் குளிரைச் சார்ந்திருப்பது மரபணுவின் பண்பன்று. செருகப்பட்ட கூறின் பண்பு.

2. தூரத்துத் தூண்டுபகுதியாதல். மரபணுவிலிருந்து தொலைவில் செருகப்பட்ட கூறும் அதன் இயக்கத்தை மிகுவிக்கலாம். மக்காச்சோளத்தின் கிளைப்புப் பண்பு இதற்குரிய எடுத்துக்காட்டு. அது கீழே விளக்கப்படுகிறது.

3. அமைதிப்படுத்தல் பரவுதல். நகரும் கூறுகளின் பெருக்கத்தைத் தடுக்க உயிரணுக்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கொண்டுள்ளன. தாவரங்களில் குறு ஆர்.என்.ஏ-க்கள் நகரும் கூறுகளை இனங்காட்ட, அவ்விடத்து டி.என்.ஏ-யில் மெத்தைல் தொகுதிகள் சேர்க்கப்பட்டுப் படியெடுப்பு நிறுத்தப்படுகிறது. இவ்வமைதி சிலபோது கூறின் எல்லையைக் கடந்து அண்டை மரபணுவுக்கும் பரவுகிறது. முலாம்பழத்தில் பெண் பூக்களை மட்டுமே தரும் கொடிகள் இவ்வாறு தோன்றியவை என 2009இல் அறியப்பட்டது. அவற்றில், பூவின் சூலக வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு மரபணுவின் அருகே டிரான்சுபோசான் ஒன்று செருகப்பட்டுள்ளது. அதன் மெத்தைலேற்றம் பரவியதால் அம்மரபணு அடங்கிவிட்டது.

4. ஒழுங்குபடுத்தும் மரபணுவையே சிதைத்தல். படியெடுப்புக் காரணியை உருவாக்கும் மரபணுவினுள் கூறு செருகப்பட்டால், அக்காரணி கட்டுப்படுத்திவந்த மரபணுக்கள் அனைத்தின் இயக்கமும் மாறும்.

5. வலையமைப்பை உருவாக்குதல். ஒரே கூறின் பல படிகள் பல மரபணுக்களின் அருகே அமைந்தால், அவை அனைத்தும் ஒரே தூண்டுதலுக்கு விடையளிக்கத் தொடங்கலாம். பிரிட்டனும் டேவிட்சனும் எதிர்பார்த்தது இதனையே.

புல்லினப் பயிர்களில் எடுத்துக்காட்டுகள்

தினை

காட்டுப் புற்களின் மணிகள் முற்றியவுடன் உதிர்கின்றன. இனப்பெருக்கத்திற்கு இது நன்மை. அறுவடை செய்வோருக்கு இழப்பு. மணி உதிராத செடிகளை மனிதர் தொடர்ந்து விதைத்து வந்ததே தானியப் பயிர்களின் தோற்றத்தில் முதன்மையான படியாகும். தினையில் இதன் மரபியல் அடிப்படை 2020இலும் 2022இலும் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. மணி உதிர்வதில் பங்குகொள்ளும் இரு மரபணுக்களில், காட்டு முன்னோரில் இல்லாத டிரான்சுபோசான் செருகல்கள் பயிரிடப்படும் தினையில் காணப்பட்டன. ஒன்றில் ரெட்ரோடிரான்சுபோசானும், மற்றொன்றில் டி.என்.ஏ டிரான்சுபோசானும் செருகப்பட்டுள்ளன. இவ்விரு மரபணுக்களும் படியெடுப்புக் காரணிகளை உருவாக்குபவை. காட்டில் பிழைத்தலுக்குக் கேடான ஒரு செருகல், வயலில் பயனாக மாறியது.

தினை மாவின் ஒட்டும் தன்மையும் இத்தகையதே. மணியின் மாப்பொருளில் அமைலோசு என்னும் பகுதியை உருவாக்கும் நொதியின் மரபணு இயங்காவிட்டால், வேகவைத்த தானியம் பசைபோல் ஒட்டும். கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இத்தகைய ஒட்டும் தினை விரும்பி உண்ணப்படுகிறது. இவ்வகை ஒரே ஒருமுறை தோன்றிப் பரவியதன்று. வெவ்வேறு நகரும் கூறுகள் அம்மரபணுவில் செருகப்பட்டதால் தனித்தனியே பலமுறை தோன்றியது என 2005இல் சப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். சில செருகல்கள் மரபணுவை முற்றிலும் முடக்கின. வேறு சில அதன் இயக்கத்தைக் குறைத்து இடைப்பட்ட வகையைத் தந்தன. இந்தியாவின் தினை வகைகள் ஒட்டாத வகையைச் சேர்ந்தவை. ஆகவே ஒரே தானியத்தின் ஒரு மரபணுவில் எந்தச் செருகல் நிலைத்தது என்பதை, ஒவ்வொரு நிலப்பகுதியின் உணவு விருப்பமும் தீர்மானித்துள்ளது.

மக்காச்சோளம்

மக்காச்சோளத்தின் காட்டு முன்னோரான தியோசின்டே என்னும் மெக்சிகோப் புல் பல கிளைகளைக் கொண்டது. மக்காச்சோளமோ பெரும்பாலும் ஒற்றைத் தண்டாக வளர்கிறது. கிளைப்பைத் தடுக்கும் டி.பி.1 என்னும் மரபணு மக்காச்சோளத்தில் மிகுதியாக இயங்குவதே இதற்குக் காரணம். அம்மரபணுவுக்கு ஏறத்தாழ 60,000 எழுத்துகள் முன்னே செருகப்பட்டுள்ள ஆப்சுகாட்ச் என்னும் ரெட்ரோடிரான்சுபோசான், அதன் இயக்கத்தை மிகுவிப்பதாக 2011இல் கண்டறியப்பட்டது.

இச்செருகல், மக்காச்சோள வேளாண்மை தொடங்குவதற்குக் குறைந்தது 10,000 ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்தது எனவும் அவ்வாய்வு மதிப்பிட்டது. அதாவது உழவரின் தேவைக்காக அது தோன்றவில்லை. காட்டுச் செடிகள் சிலவற்றில் முன்பே இருந்த ஒரு வேறுபாட்டை, பின்னர் வந்த உழவர்கள் தேர்ந்தெடுத்தனர்.

சோளமும் நெல்லும்

அமில மண்ணில் கரையும் அலுமினியம் வேர்களுக்கு நஞ்சாகும். சில சோள வகைகளின் வேர்நுனி சிட்ரிக் அமிலத்தின் உப்பை வெளியேற்றி அலுமினியத்தைக் கட்டுப்படுத்துகிறது. இதற்குரிய மரபணு 2007இல் கண்டறியப்பட்டது. அதன் முன்பகுதியில், குறுகிய நகரும் கூறு ஒன்றை உள்ளடக்கிய தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அத்தொடர் மிகுந்துள்ள வகைகளில் மரபணுவின் இயக்கமும் பொதுவாக மிகுந்திருந்தது.

நெல்லில் எம்பிங் என்னும் 430 எழுத்து நீளமுள்ள நகரும் கூறு 2003இல் அறியப்பட்டது. பல நெல் வகைகளில் இதன் படிகள் சிலவே. சப்பானிய நாட்டு நெல் வகை ஒன்றிலோ ஏறத்தாழ ஆயிரம் படிகள் உள்ளன. தலைமுறைதோறும் அவை பெருகியும் வருகின்றன. 2009இல் வெளியான ஆய்வின்படி, இச்செருகல்களில் பல மரபணுக்களின் அருகே இருந்தும், பெரும்பாலானவை அவற்றின் இயக்கத்தை மாற்றவில்லை. ஆனால் சில மரபணுக்கள், அருகில் எம்பிங் செருகப்பட்டதால், குளிருக்கும் உப்புக்கும் விடையளிக்கத் தொடங்கின. ஒரு புதிய ஒழுங்குபாட்டு வலையமைப்பின் தொடக்க நிலையை நேரடியாகக் காட்டியமையால் இவ்வாய்வு முக்கியமானது.

விலங்குகளிலும் மனிதரிலும்

பிரித்தானியாவின் தொழிற்புரட்சிக் காலத்தில் புள்ளி அந்துப்பூச்சியின் கருநிற வகை பெருகியது, இயற்கைத் தேர்வுக்குப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு. கார்டெக்சு என்னும் மரபணுவில் செருகப்பட்ட ஏறத்தாழ 22,000 எழுத்து நீளமுள்ள டிரான்சுபோசானே அக்கருநிறத்திற்குக் காரணம் என 2016இல் கண்டறியப்பட்டது.

மனித உமிழ்நீரில் உள்ள அமைலேசு என்னும் நொதி, சோற்றிலும் களியிலும் உள்ள மாப்பொருளை வாயிலேயே சிதைக்கத் தொடங்குகிறது. இந்நொதியின் மரபணுவின் முன்னே செருகப்பட்ட பண்டைய ரெட்ரோவைரசு ஒன்று, உமிழ்நீர்ச் சுரப்பியில் அது இயங்க வழிசெய்கிறது என 1992இல் காட்டப்பட்டது. எலிகளின் உமிழ்நீரிலும் அமைலேசு உண்டு. ஆனால் அது இச்செருகலைச் சாராமல் தனியே தோன்றியது. ஒரே பண்பை அடையப் படிவளர்ச்சிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன என்பதை இது காட்டுகிறது.

மனித மரபணுத்தொகையில் ஆலு என்னும் குறுங்கூறு பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகளாக உள்ளது. தில்லியில் உள்ள மரபணுத்தொகையியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தில் மிதாலி முகர்ஜி குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, வெப்ப அதிர்ச்சியின்போது செயற்படும் படியெடுப்புக் காரணி, ஆலு கூறுகளில் உள்ள தொடர்களிலும் பிணைகிறது எனக் காட்டியது. நோயெதிர்ப்பில் பங்குகொள்ளும் இன்டர்பெரான் தூண்டலுக்கு விடையளிக்கும் விசைகள் சில, பண்டைய ரெட்ரோவைரசுகளிலிருந்து வந்தவை என 2016இல் மற்றொரு குழு காட்டியது. அத்தகைய ஒரு துண்டை மனித உயிரணுக்களிலிருந்து அக்குழுவினர் நீக்கியபோது, அருகிலுள்ள நோயெதிர்ப்பு மரபணு இன்டர்பெரானுக்கு விடையளிக்கவில்லை.

பயனா, தற்செயலா?

ஒரு நகரும் கூறு மரபணுவின் அருகே இருப்பதாலோ, அதில் ஒரு புரதம் பிணைவதாலோ, அது உயிரினத்திற்குப் பயன்படுகிறது என முடிவு செய்தல் இயலாது. தன்னைப் பெருக்கிக்கொள்ளும் கூறுகளில் புரதங்கள் பிணைவது எதிர்பார்க்கத்தக்கதே. 2012இல் என்கோடு திட்டம், மனித மரபணுத்தொகையின் 80 விழுக்காட்டில் ஏதேனும் ஓர் உயிர்வேதிச் செயற்பாடு உள்ளது என அறிவித்தபோது, செயற்பாடு வேறு, பயன் வேறு என்று பல அறிவியலாளர்கள் அதனைக் கடுமையாக மறுத்தனர்.

ஒரு செருகலின் பங்கை நிறுவப் பொதுவாக மூன்று வகைச் சான்றுகள் தேடப்படுகின்றன. முதலாவது, அச்செருகல் உள்ள வகைகளையும் இல்லாத வகைகளையும் ஒப்பிட்டு, மரபணுவின் இயக்கம் அதற்கேற்ப மாறுகிறதா எனக் காணுதல். இரண்டாவது, செருகலை நீக்கியோ அமைதிப்படுத்தியோ விளைவைச் சோதித்தல். மூன்றாவது, அப்பகுதி இயற்கைத் தேர்வுக்கோ மனிதத் தேர்வுக்கோ உட்பட்டதற்கான அடையாளத்தை மக்கள்தொகை மரபியல் வழியே காணுதல். எலியின் குருத்துயிரணுக்களில் தூண்டுபகுதிகள் போல் தோன்றிய நகரும் கூறுகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. அவற்றுட் சிறுபான்மையே அண்டை மரபணுக்களின் இயக்கத்தை உண்மையில் பாதித்தன என அது கண்டது.

ஆகவே நகரும் கூறுகள் உயிரினத்திற்கு உதவுவதற்காகவே உள்ளன என்பதும், அவை அனைத்தும் குப்பை என்பதும் ஒருசேரத் தவறானவை. அவை தமக்காகவே பரவுகின்றன. உயிரணு அவற்றை அடக்குகிறது. எஞ்சியவற்றுள் மிகச் சில, தேர்வின் வழியே ஒழுங்குபாட்டின் உறுப்புகளாகின்றன. நகரும் திறனை ஒரு கூறு இழந்த பின்னரும், அது கொண்டுவந்த விசை பல இலட்சம் ஆண்டுகள் நிலைத்திருக்கக்கூடும்.

சவ்வாது மலையும் நாட்டு விதைகளும்

சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழும் மலையாளி எனப்படும் பழங்குடியினர் மழையை நம்பிச் சிறுதானியங்களைப் பயிரிட்டு வருகின்றனர். அவற்றுள் சாமையே முதன்மையானது. சாமை இந்தியத் துணைக்கண்டத்திலேயே பயிராக்கப்பட்ட தானியமாகும். தினையின் நிறப்புரிகள் 18; சாமையும் கேழ்வரகும் 36 நிறப்புரிகளைக் கொண்ட நான்மடியங்கள். நான்மடியங்களில் ஒவ்வொரு மரபணுவுக்கும் கூடுதல் படிகள் இருப்பதால், ஒரு படியில் நிகழும் செருகலின் விளைவை மற்றொரு படி ஈடுசெய்யக்கூடும். இதனால் செருகல்கள் உடனே களையப்படாமல் நிலைப்பதற்கு வாய்ப்பு மிகுகிறது.

மேலே கண்ட எடுத்துக்காட்டுகள் அனைத்திலும் ஒரு பொதுவான தேவை தெரிகிறது. செருகல் உள்ள வகையும் இல்லாத வகையும் ஆகிய இரண்டும் கையில் இருந்தால்தான் ஒப்பீடு இயலும். ஒட்டும் தினையின் தோற்றத்தை அறிய முடிந்தது, பல நாடுகளின் நாட்டுத் தினை வகைகள் சேமித்து வைக்கப்பட்டிருந்தமையால்தான். நெல்லில் எம்பிங் பெருகிவருவது தெரியவந்ததும் ஒரு பழைய நாட்டு வகையில்தான். விதைகளை ஆண்டுதோறும் எடுத்துவைத்து விதைக்கும் மலைச் சிற்றூர்களில், பூக்கும் காலம், தூர் கட்டுதல், மணியின் நிறம், வறட்சியைத் தாங்குதல் ஆகியவற்றில் வேறுபடும் வகைகள் நிலைத்து வந்துள்ளன. அவ்வேறுபாடுகளுக்கு அடிப்படையான மரபு மாற்றங்களும் அவ்விதைகளோடு காக்கப்படுகின்றன.

சாமை பயிரிடும் பரப்பு குறையும்போது இழக்கப்படுவது ஒரு தானியத்தின் விளைச்சல் மட்டுமன்று. ஒரு நாட்டு வகை முற்றிலும் அழிந்தால், அதில் மட்டும் நிகழ்ந்திருந்த செருகல்களும் அழிகின்றன. செருகல்கள் தற்செயலாக நிகழ்பவை. தேவைப்படும்போது அதே இடத்தில் அதே கூறு மீண்டும் செருகப்படும் என எதிர்பார்க்க இயலாது.

திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் இயங்குகிறது. ஏ.டி.எல். 1 என்னும் சாமை வகை அங்கு உருவாக்கப்பட்டது. புதிய வகைகளை உருவாக்குவோருக்கு மூலப்பொருளாக அமைவது நாட்டு வகைகளில் உள்ள வேறுபாடே. நகரும் கூறுகள் நெடுங்காலமாக உருவாக்கிய வேறுபாடுகளுள் எவை நிலைக்கும் என்பது, இன்று இயற்கைத் தேர்வை மட்டுமன்றி, எந்த விதைகள் தொடர்ந்து விதைக்கப்படுகின்றன என்பதையும் பொறுத்துள்ளது.